இருட்டுச் சந்தின் ஏழு காரணங்கள்

ஒரு தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்ற வேண்டும் என்பது அந்த நகராட்சி அலுவலகத்தில் வெகுகாலமாக நிலவிவந்த ஒரு மூடநம்பிக்கை. மக்கள் மனு கொடுப்பார்கள். தெருவிளக்குப் பிரிவின் எழுத்தர் அதைத் தம் மேசையில் நன்றாக ஊறவைப்பார். ஊறியதும் உத்தரவு எழுதுவார். வயர்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்பை மாட்டிவிட்டு வருவார். விளக்கு ஏன் எரியவில்லை, எரியாமல் இருப்பதன் உட்பொருள் என்ன, எரிந்துதான் ஆக வேண்டுமா என்றெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அவ்வளவு பின்தங்கிய அலுவலகம்.

இந்த எழுத்தர் குடியிருந்த சந்திலேயே ஒருநாள் விளக்கு அணைந்துபோனது. அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் சாயங்காலம் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் கடையிலும் மில்லிலும் நின்று களைத்த பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் கையும் ஓடும், வாயும் ஓடும். அவள் ஒண்டியாக, யார் தயவும் இல்லாமல் உருவாக்கிய வகுப்பு அது. புருஷன் சம்பாத்தியத்தைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். விளக்கு அணைந்த பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாக வகுப்புக்கு வராமல் நின்றுகொண்டார்கள். அந்த இருட்டில் குழியும் குப்பையும் மிதித்துக்கொண்டு வர யாருக்குத் துணிச்சல் வரும்? இப்படியே போனால் வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவள் வயிறெரிந்தாள்.

"ஊருக்கெல்லாம் விளக்கு போடுற மனுஷன் வீட்டு வாசல்ல இருட்டு. வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்றாள்.

"மனு எழுதிக் கொடு. பொண்டாட்டிங்கறதுக்காகச் சலுகை காட்ட முடியாது," என்றார் எழுத்தர். நேர்மை என்று வந்துவிட்டால் அவர் வீட்டாரிடம் மிகவும் கறாரானவர்.

அவள் மனு கொடுத்த அன்றே தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. இனிமேல் பொதுமக்களின் எந்தக் கோரிக்கையும் சமூக அறிவியல் நோக்கில் ஆழ்ந்து ஆராயப்படாமல் நிறைவேற்றப்படக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. மேலிடத்தில் இப்படி அவ்வப்போது ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். போன வருஷம் எல்லாரும் காலையில் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டுத்தான் கோப்பைத் தொட வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின வருஷம் கோப்புகளுக்கெல்லாம் வண்ணம் பூசினார்கள். அந்த வண்ணம் பலருடைய கையை விட்டு இன்னும் போகவில்லை.

பாடம் சொல்ல ஒரு பயிற்சியாளர் வந்தார். அளவாக வளர்த்த தாடி, வேண்டுமென்றே கசக்கிய சட்டை, தோளில் துணிப்பை. சமூக அறிவியல் என்பது மனிதர்கள் கூடி வாழும் கூத்தை முறையாகப் பார்க்கும் அறிவு என்றும், அது பல துறைகளாகப் பிரிந்து நிற்கிறது என்றும் அவர் தொடங்கினார்.

"ஒருத்தன் தெருவுல தடுக்கி விழுறான்னு வைங்க. அவன் விழுந்ததால யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்னு பாக்கறது பொருளியல். அவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், அந்தக் கூட்டம் ஏன் அடிக்கடி விழுதுன்னு பாக்கறது சமூகவியல். விழறப்போ அவன் மனசுல என்ன ஓடுச்சுன்னு பாக்கறது உளவியல். அவன் விழணும்னு தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில இருக்குன்னு பாக்கறது அரசியலறிவியல். அவன் தாத்தா எங்க விழுந்தாருன்னு பாக்கறது வரலாறு. அந்த இடம் ஏன் அப்படி இருக்குன்னு பாக்கறது புவியியல். விழுந்தவங்களோடவே போய்த் தங்கி, அவங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கறது மானிடவியல்."

கடைசி வரிசையிலிருந்து அலுவலக உதவியாளர் எழுந்தார். "அவனைத் தூக்கி விடுறது எது சார்?"

"அது தொண்டு. நம்ம பாடத்துல வராது," என்றார் பயிற்சியாளர்.

உண்மையைச் சொன்னால், அந்த ஆள் சொல்லிக்கொடுத்ததில் தப்பே இல்லை. ஒரே விஷயத்தை ஏழு பக்கம் சுற்றிப் பார்த்தால் பார்க்கிறவனுக்குப் புத்தி வரத்தான் செய்யும். ஆனால் நம் அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதற்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். ஆணையர் மறுநாளே துறைகளைப் பங்கு பிரித்தார். பணத்தைத் தொடுகிறவர் என்பதால் காசாளருக்குப் பொருளியல். பழைய காகிதத்துக்கு நடுவே தூங்குவதால் பதிவறைக்காரருக்கு வரலாறு. ஜீப் ஓட்டுவதால் ஓட்டுநருக்குப் புவியியல். யார் யாருடைய ஆள் என்பதை விரல்நுனியில் வைத்திருந்த கண்காணிப்பாளருக்கு அரசியலறிவியல். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே வீட்டில் சண்டை என்று சொல்லிவிடும் தட்டச்சர் அம்மாவுக்கு உளவியல். வெயிலில் வெளியே போகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அலுவலக உதவியாளருக்கு மானிடவியல். மிச்சம் இருந்த சமூகவியலை எழுத்தர் தலையில் கட்டினார்கள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எந்த உத்தரவும் வெளியே போகும் என்று ஏற்பாடு. வயர்மேனுக்கு மட்டும் துறை எதுவும் கிடைக்கவில்லை. அவர் வராந்தா பெஞ்சில் ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டு உத்தரவுக்காக உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது எழுத்தர் மனைவியின் மனு.

பொருளியல் போய்ப் பார்த்துவிட்டு, சந்து இருண்டதிலிருந்து முனைக் கடையில் டார்ச் விற்பனை கொழிக்கிறது, விளக்குப் போட்டால் ஒரு வளரும் தொழில் நசிந்துபோகும் என்றது. வரலாறு, அந்தச் சந்தில் விளக்குக் கம்பம் நடுவதற்கு முன்பும் இருட்டாகத்தான் இருந்திருக்கிறது, ஆகவே இருட்டே அதன் தொன்மையான நிலை என்று கொட்டாவியோடு கண்டுபிடித்தது. புவியியல் ஜீப்பைச் சந்துக்குள் விட முடியாமல், இடம் குறுகலானது என்ற உண்மையோடு திரும்பிவந்தது. இதைப் போட்டால் அடுத்த சந்துக்காரனும் கேட்பான் என்று அரசியலறிவியல் எச்சரித்தது. உளவியல் மனுதாரரை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்து, சின்ன வயதில் அவளுக்கு அப்பாவிடம் பயமா, அம்மாவிடம் பயமா என்று கேட்டது.

"எனக்குக் குழியில விழறதுக்குத்தான்மா பயம்," என்றாள் அவள்.

உளவியல் அதைப் பரிவோடு குறித்துக்கொண்டு, மனுதாரர் உண்மையான பயத்தை மறைக்கிறார் என்று எழுதியது.

மானிடவியல்தான் உண்மையில் பாடுபட்டது. அலுவலக உதவியாளர் ஒரு பையில் மாற்றுத் துணியோடு எழுத்தர் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். மக்களோடு மக்களாகத் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, உறங்குவதுபோல் உறங்கினால்தான் அந்தச் சமூகம் பிடிபடும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் உண்டார். வகுப்புப் பெண்கள் உட்காரும் முன்னறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உறங்கினார். மிச்சமிருந்த பெண்களும் அதைப் பார்த்து வராமல் நின்றுகொண்டார்கள். கடைசியில் டார்ச்சும் பிடிவாதமும் உள்ள ஒருத்திதான் வந்துகொண்டிருந்தாள்.

"இவரு எப்போ கெளம்புவாரு?" என்று மனைவி அடுப்படியில் பல்லைக் கடித்தாள்.

"ஆய்வு முடியணும்மா," என்றார் எழுத்தர்.

"அண்ணி, இங்க மக்கள் ரெண்டாவது தடவை கேட்டாத்தான் சாப்பாடு வைக்கிறாங்க. சுவாரஸ்யமான பழக்கம்," என்றார் மானிடவியலார் கூடத்திலிருந்து.

இந்த நேரத்தில்தான் எழுத்தருக்கு அந்த விபத்து நேர்ந்தது. அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றிவிட்டது. சந்தில் வெளிச்சம் இருந்தபோது யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இருட்டு வந்த பிறகு, "யாரது?" என்று ஒரு குரல் கேட்கும், "நான்தான்" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும், அப்படியே நாலு வார்த்தை பேச்சு நடக்கும். பல வருஷம் பேசாதிருந்த எதிர்வீட்டு வெள்ளையடிக்கிறவரும் மாடிவீட்டுக் கண்டக்டரும் இப்போது ஆள் தெரியாமல் பேசி நட்பாகிவிட்டிருந்தார்கள். இருட்டு உறவை வளர்க்கிறது என்று எழுத்தர் எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாகப் பல்பு மாற்ற உத்தரவு எழுதிக்கொண்டிருந்த கை இதையா எழுதியது!

ஆணையருக்கு வாயெல்லாம் பல். அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதைப் படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பெரியவர்கள் சிலர் நேரில் வந்து அந்தச் சந்தைப் பார்க்கப் போவதாகவும், எழுத்தருக்கு ஆய்வு அலுவலராகப் பதவி உயர்வு கொடுக்க எண்ணியிருப்பதாகவும் தகவல் வந்தது. தனி அறை, சுழல் நாற்காலி.

"அவங்க வர்ற வரைக்கும் சந்து அப்படியே இருக்கணும். உங்க பொறுப்பு," என்றார் ஆணையர்.

எழுத்தர் வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்வது அவருடைய பழைய வழக்கம்.

பெரியவர்கள் வந்த அன்று சாயங்காலம், துறைக்காரர்கள் எல்லாரும் பின்னால் வர, ஜீப் முனையோடு நின்றுவிட்டது. புவியியல் அவர்களுக்குச் சந்தின் குறுகலை விளக்கிக்கொண்டிருக்க, எழுத்தர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் ஓடினார். திருப்பத்தில் அப்படியே நின்றார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் தானே ஒரு பல்பை வாங்கி, எதிர்வீட்டு வெள்ளையடிக்கிறவரின் ஏணியில் அவரையே ஏற்றி மாட்டவைத்திருந்தாள். சந்து முழுக்க மஞ்சள் வெளிச்சம். நின்றுபோன பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வீட்டுக்குள்ளே மிஷின்கள் ஓடும் சத்தமும் சிரிப்புச் சத்தமும் தெருவரைக்கும் கேட்டன. ஒரு கணம் எழுத்தருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறுகணம் ஆணையரின் செருமல் முனையில் கேட்டது. எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். வாழ்நாளில் எதையும் குறிபார்த்து அடித்தறியாத மனிதர். முதல் கல்லிலேயே அடித்தார்.

வந்தவர்கள் இருட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். அவர்களில் மூத்தவர் காலடியில் மட்டும் ஏதோ நொறுங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு.

"யாரோ உடைச்சிருக்காங்க போலிருக்கே," என்றார் பதிவறைக்காரர்.

"யாருங்கறது போலீஸ்காரன் கேள்வி. நாம ஏன்னு கேக்கணும்," என்றார் பெரியவர்.

அங்கேயே கேட்டார்கள். வெளிச்சத்தை உடைப்பது டார்ச் வியாபாரத்தின் போட்டி மனப்பான்மை என்றது பொருளியல். தொன்மை தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது என்றது வரலாறு. எதிர்க்கட்சி என்றது அரசியலறிவியல். உடைத்தவனுக்கு வீட்டில் மனைவியிடம் பயம் என்று தட்டச்சர் அம்மா சொன்னபோது எழுத்தருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லவேளை, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எழுத்தர் தம் முறை வந்ததும், இது தனிமனிதன் எறிந்த கல் அல்ல, ஒரு சமூகமே எறிந்த கல் என்றார். பெரியவர் அவரைத் தட்டிக்கொடுத்தார். வாசலுக்கு வந்து நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் கையில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. யார் எறிந்தது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. பதவி உயர்வு அங்கேயே உறுதியானது.

எல்லாரும் போன பிறகு மனைவி சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் பாத்தேன்," என்றாள்.

"என்ன பாத்தே?"

"நீங்க கல்லெடுத்ததை. ஜன்னலோரம்தான் நின்னேன். வெளிச்சம் இருந்துச்சுல்ல."

எழுத்தர் கையை அலம்பாமலே விளக்க ஆரம்பித்தார். சூழ்நிலை, அமைப்பு, மேலிருந்து வரும் அழுத்தம் என்று நிறையச் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் காரணம் கேக்கல. பல்புதான் கேட்டேன்."

அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எத்தனை படித்தாலும் மனச்சாட்சி என்று ஒன்று உள்ளே கிடந்து உறுத்துகிறது. பொழுது விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடி, வயர்மேனிடம் உடனே ஏணியை எடுக்கச் சொன்னார். வயர்மேன் உத்தரவு கேட்டார். எழுத்தர் உத்தரவைத் தாமே எழுதி, மேசை மேசையாகக் கெஞ்சிக் கூத்தாடி ஆறு கையெழுத்தையும் வாங்கிவிட்டார். ஏழாவது தம்முடையது. பேனாவைத் திறந்தபோது ஆணையர் தடுத்தார்.

"நீங்க இப்போ ஆய்வு அலுவலர். சமூகவியல்ல நீங்க கையெழுத்துப் போட முடியாது. அந்த இடம் காலி."

"அதுக்கு எப்போ சார் ஆள் வரும்?"

"அது ஏன் காலியா இருக்குன்னு மொதல்ல ஒரு ஆய்வு நடத்தணும். நீங்கதானே அலுவலர்?"

சாயங்காலம் அவர் தட்டுத்தடுமாறி வீடு வந்து சேர்ந்தபோது முன்னறை காலியாக இருந்தது. கடைத்தெருவில் வெளிச்சமான ஓர் அறையைப் பிடித்து, மிஷின்களையெல்லாம் மாணவிகளை வைத்து அவளே இடம் மாற்றியிருந்தாள். மிஷின்களோடு அவளுடைய தலையணையும் போயிருந்தது. மானிடவியலாரும் பையோடு கிளம்பிப்போயிருந்தார். சமைக்கிற ஆள் இல்லாத இடத்தில் அவருக்கு ஆராய ஒன்றுமில்லை.

வெளியே இருட்டில் அக்கம்பக்கத்தார் கூடி நின்று, அவள் ஏன் போனாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மிஷினைத் தூக்க ஒருவரும் கை கொடுத்திருக்கவில்லை. ஆனால் காரணம் எல்லாரிடமும் இருந்தது. குடும்ப வருமானம்தான் என்றார் கண்டக்டர். அவள் அம்மாவும் இப்படித்தான் என்று ஒரு குரல் சொன்னது. இந்தச் சந்தின் அமைப்பே சரியில்லை என்றது இன்னொரு குரல். எழுத்தர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அழவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது எதுவும் அவ்வளவு ஆழமாக இல்லை.

"யாரது?" என்றது ஒரு குரல்.

"நான்தான்," என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். "இதைச் சமூகவியல் நோக்குல பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் அவருக்கு வழிவிட்டு நின்றார்கள்.