வெட்டக் கூடாத புல்

இந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். எட்டாவதோடு படிப்பை விட்டவள். என் கணவர் லோத்தார் கேட்டால் நடுவிலேயே திருத்துவார். லைப்சிக் நகரத் தோட்டச் சங்கத்தின் விதிகளைக் காப்பவர் அவர். மதியம் ஒன்று முதல் மூன்றுவரை அமைதி நேரம். அப்போது தேனீகூட அவரைக் கேட்டுத்தான் ரீங்கரிக்கும்.

சங்கம் தந்த துண்டு நிலத்தில் நான் இடுப்புயரப் புல்லும், வருஷா வருஷம் தானே முளைக்கும் பூச்செடிகளும் நட்டிருந்தேன். தண்ணீரே கேட்காத செடிகள். அவருக்கு அது அவமானம்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் புல்வெட்டும் மிஷினோடு வந்தார்.

"மூணு மணிக்குத் தோட்டம் பார்க்கக் கமிட்டி வருது. அதுக்குள்ள இந்தக் காட்டை மொட்டை அடிச்சிடறேன்."

 மூன்று வருஷ உழைப்பு போய்விடுமே.

"அடிங்க. ஆனா சங்கத்தோட பதினேழாம் விதி எனக்குப் புரியவே இல்லீங்க."

மிஷினைக் கீழே வைத்து விளக்க ஆரம்பித்தார். உட்பிரிவு, உட்பிரிவுக்குள் உட்பிரிவு... மாதா கோயில் மணி ஒன்று அடித்தது.

"அடடா, அமைதி நேரம்!" என்றவர் அரிவாளை எடுத்தார். "இது சத்தம் போடாதுல்ல?"

என் உயிர் போய்விட்டது. வேலிக்கு மேலே பக்கத்துத் தோட்டத்து வீகாண்ட் தலை நீட்டினார்.

"லோத்தாரு, போன வருஷம் நான் கத்தரியால வேலி வெட்டினப்ப என்ன சொன்னே?"

"...கத்தரிச் சத்தமும் சத்தந்தான்னு."

"அப்ப அரிவாள் மட்டும் ஊமையா?"

அரிவாள் கொட்டகைக்குத் திரும்பியது. காலையிலேயே வீகாண்டுக்கு அரை பிளம் கேக் கொடுத்தது வீண்போகவில்லை.

மூன்றுக்குக் கமிட்டித் தலைவி பெட்சோல்டு அம்மா வந்தார். எல்லார் புல்தரையும் கயிற்றுமிதியடி போலக் காய்ந்து கிடக்க, எங்கள் தோட்டம் மட்டும் அசைந்தாடியது.

"ரெண்டு மாசமா தண்ணி ஊத்தத் தடை. இது மட்டும் எப்படிங்க லோத்தார்?"

விதிக்காரருக்கே திருட்டுத் தண்ணீர்ப் பழி! முகம் சிவந்தார்.

"ஒரு சொட்டு ஊத்தல! இது தண்ணி கேக்காத தோட்டம். யோசிச்சு, திட்டம் போட்டு நட்டது... நாங்க."

நாங்களாம்!

"பிரமாதம். இதை எப்ப வெட்டணும்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பிப்ரவரி கடைசியிலதாங்க. அதுவரைக்கும் காய்ஞ்ச தண்டும் அப்படியே நிக்கணும்" என்றேன்.

தலைவி போனதும் எனக்கு நிம்மதி வரவில்லை. மனுஷர் மனசு மாறலாமே? எனக்கு எழுத்து வராது, 'பிப்ரவரி கடைசிவரை வெட்டக் கூடாது' என அழகாக எழுதிக் கொடுங்கள் என்று ஓர் அட்டையை அவரிடமே நீட்டினேன். விதி போல எண் போட்டு, கையெழுத்தும் போட்டு, தோட்ட வாசலில் ஆணி அடித்து மாட்டினார். இப்போது யாராவது கத்தரியோடு எங்கள் வாசலைத் தாண்டினால் போதும், அவரே விசில் ஊதுகிறார்.