பதினெட்டுக் காவல்காரர்களும் ஒரு காலண்டர் தாளும்

மூன்று வருடம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். யாரும் கேட்காத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அதன் பலனாக, ஒரு வெள்ளிக்கிழமை காலை கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பதினாலு ரத்தப் பரிசோதனை நிலையங்களை நான் தனி ஆளாக முடக்கினேன். தனி ஆளாக என்பதுகூட முழு உண்மையில்லை. என் மாமனார் உதவி செய்தார்.

எங்கள் கம்பெனி கடலூரில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சின்ன இடம். பரிசோதனை நிலையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். நீங்கள் குறிஞ்சிப்பாடியிலோ புவனகிரியிலோ காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், சற்று நேரத்தில் ரிசல்ட் உங்கள் போனுக்கு வந்து உங்களைப் பயமுறுத்தும். அதை அனுப்புவது நாங்கள்தான். நான் முதுநகரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதம் அடுத்த திங்கட்கிழமை முடிகிறது. மகளுக்கு மூன்று வயது. இந்த வேலை போனால் இன்னொன்றுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும், அது நடக்காத காரியம். ஆகவே அந்தத் திங்கட்கிழமை எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி.

நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மகளைப் பார்த்துக்கொண்டது மாமாதான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜங்ஷன் பக்கத்திலேயே வீடு என்பதால் ரயில் போகும் சத்தம் கேட்டால் இன்றும் கடிகாரத்தைப் பார்ப்பார். லேட்டாக இருந்தால் அன்று முழுவதும் அவருக்கு முகம் சரியிருக்காது. பேத்திக்குச் சோறு ஊட்டிய நேரத்தைக்கூட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். (நான் அதைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். அந்தப் பாவம் சும்மா விடுமா?)

எங்கள் தலைவி மேரி மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எங்கள் மெஷினில் பதினெட்டு கன்டெய்னர்கள் ஓடுகின்றன. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பதினெட்டு குடித்தனங்களுக்கு விட்டிருப்பது போல. ஒரு குடித்தனம் ரிசல்ட் தயாரிக்கும், ஒன்று மெசேஜ் அனுப்பும், ஒன்று பேரைப் பதிவு செய்யும். எல்லாருக்கும் சமையல் ஒரே பானையில். அந்தப் பானைக்கு மெமரி என்று பெயர். இந்த வீட்டைக் கண்காணிக்க ஏஜென்ட் என்ற காவல்கார புரோகிராமை நிறுவ வேண்டும். பானை காலியாகப் போனாலோ யாராவது சுருண்டு விழுந்தாலோ அது உடனே ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லும்.

வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும், வாசலில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொள்வான். இது அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் மூன்றாம் பக்கத்திலிருந்து படித்தேன். (முதல் பக்கத்தில் வரவேற்புரைதான் இருக்கும் என்பது என் நம்பிக்கை.) குடித்தனத்துக்கு ஒரு காவல்காரன் என்று பதினெட்டு கன்டெய்னருக்குள்ளும் பதினெட்டு ஏஜென்ட் வைத்தேன். ஒவ்வொருவனும் நொடிக்கொரு தடவை அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டேன். அவர்கள் எழுதும் அறிக்கைகளைச் சேர்த்து வைக்கும் இடத்தையும் அதே மெஷினில் ஒரு மூலையில் ஒதுக்கினேன். காவல்காரர்களும் சாப்பிடுவார்கள், அதே பானையில்தான் கை வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கடைசியாக, அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிட என்று அந்தப் புரோகிராம் போன் நம்பர் கேட்டது. என் போன் அப்போது மகள் கையில் இருந்தது, அவள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்குவதைவிட சர்வரை அணைப்பது சுலபம். சோதனைக்குத்தானே என்று மாமாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு அவரிடம் போனேன்.

"மாமா, கம்பெனி மெஷின்லேர்ந்து கால் வரும். எடுத்து, அது சொல்றத கேட்டுட்டு ஒன்னு அமுக்கிடுங்க."

"எப்ப வந்தாலும் அமுக்கணுமா?"

"ஆமா மாமா, எப்ப வந்தாலும்."

கால் வந்தது. மாமா கேட்டார், அமுக்கினார். திரையில் 'பொறுப்பேற்கப்பட்டது' என்று என் பெயரோடு பச்சையாக வந்தது. நான் பூரித்துப்போனேன். ஒன்றை அமுக்கினால் 'நான் பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரையும் கூப்பிட வேண்டாம்' என்று அர்த்தம். அமுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் மேரி மேடத்துக்குப் போகும். எவ்வளவு அழகான ஏற்பாடு. நம்பரை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் என் சித்தி மகள் வனிதாவுக்கு வளைகாப்பு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு, மகளை மாமாவிடம் விட்டுவிட்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். மேரி மேடம் போனில், "வெள்ளிக்கிழம, கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே" என்றார். "எதாவது ஆனா மொத கால் எனக்குத்தான் மேடம் வரும்" என்றேன். அந்தக் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மண்டபத்தில் வனிதாவுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் மாமியார் முகத்தில் கவலை. காலையிலேயே அவளுக்குச் சுகர் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை. இனிப்பு கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நிலையத்துக்குப் போன் போட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்கிறார்களாம்.

"எந்த மகராசன் செஞ்சானோ இந்த சாஃப்ட்வேர" என்றார் அந்த அம்மா.

நானும் உச்சுக் கொட்டினேன். இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுப்பே இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். எங்கள் சாஃப்ட்வேராக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு கால்கூட இல்லை. நம்முடையது இல்லை என்று நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு மேரி மேடம் கூப்பிட்டார். அவர் கோபப்படும்போது சத்தம் குறையும். அன்று குரல் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

"காலைலேர்ந்து பதினோரு அலாரம். பதினொன்னும் நீ பொறுப்பெடுத்திருக்க. நீ பாத்துக்கிட்டிருக்கேன்னு நானும் தொந்தரவு பண்ணல. எது வரைக்கும் வந்திருக்க?"

நான் சம்பா சாதம் வரைக்கும் வந்திருந்தேன். கொத்சு இலையில் ஓடிக்கொண்டிருந்தது. கையை மடக்கிக்கொண்டு எழுந்தேன். மண்டபத்துப் பின்வாசலில், சந்தனம் பூசிய முகத்தோடு, எனக்கு எதுவுமே தெரியாது என்ற உண்மையைச் சொன்னேன். பதினோரு அலாரத்துக்குப் பொறுப்பேற்றவளுக்கு எதுவுமே தெரியாது என்றால் அது பொய்யாகத்தானே தெரியும்? சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மாமாவின் நம்பர் ஞாபகம் வந்தது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். மாமா முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துச்சும்மா, பதினோரு கால். எல்லாத்துக்கும் ஒன்னு அமுக்கிட்டேன். நீ நிம்மதியா சாப்புடு. பாப்பா தூங்குது."

அவர்மேல் என்ன தப்பு? முப்பத்தைந்து வருடம் அப்படி வேலை பார்த்தவர். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தால் கவனமாகக் கேட்க வேண்டும், வாங்கிக்கொண்டதாக ஒத்துக்கொள்ள வேண்டும். உத்தரவு ஒன்று வந்தால், அதை ரத்து செய்து இன்னொரு உத்தரவு வரும்வரை அது நிற்கும். எப்ப வந்தாலும் அமுக்குங்கள் என்று உத்தரவு போட்டது நான். ரத்து செய்ய மறந்ததும் நான்.

மேரி மேடம் அதற்குள் மெஷினை அணைத்துப் போட்டிருந்தார். புது ரிசல்ட்கள் மட்டும் போக ஆரம்பித்தன. அரை மணி நேரத்தில் மெமரி செலவு மறுபடி ஏற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்ப விழும். காலையில் முதலில் எது விழுந்தது, அதற்கு முன் பானையைக் காலி செய்தது யார் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். ஆனால் அந்த விவரமெல்லாம் நான் அதே மெஷினின் மூலையில் சேர்த்து வைத்திருந்தேனே, அணைத்தவுடன் துடைத்துக்கொண்டு போய்விட்டது. வீடு தீப்பிடித்த விவரத்தை எழுதிய நோட்டும் அந்த வீட்டோடு எரிந்துவிட்டது. திங்கட்கிழமை இனி எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, நான் வளைகாப்புப் பெண்ணுக்கு அக்காவாயிருக்கும், பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

மாமாவை வெறுமனே சமாதானப்படுத்தத்தான் திரும்பக் கூப்பிட்டேன். காலை முதல் அந்த மெஷின் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்குமே. பேச்சுவாக்கில், அந்தக் காலில் என்ன சொன்னது என்று ஏதாவது ஞாபகம் இருக்கிறதா மாமா என்றேன்.

"ஞாபகம் எதுக்கும்மா? எழுதித்தான வச்சிருக்கேன்."

மேரி மேடத்தையும் அதே காலில் சேர்த்தேன். மாமா கண்ணாடி போட்டுக்கொள்ளும் சத்தம், காலண்டர் தாள் சரசரக்கும் சத்தம், பிறகு ஸ்டேஷன் மைக்கில் அறிவிக்கிற அதே குரல்.

"ஒம்பது பன்னெண்டு. மெமரி தொண்ணூத்தி ஒன்னு. அதிகம் எடுக்கறது ஏஜென்ட்டு. எல்லாம் ஓடுது. ஒம்பது முப்பத்தி நாலு. மெமரி தொண்ணூத்தி ஆறு. அதிகம் எடுக்கறது ஏஜென்ட்டு. மெசேஜ் அனுப்பறது நின்னுபோச்சு. ஒம்பது நாப்பது. மெமரி தொண்ணூத்தி ஏழு. அதிகம் எடுக்கறது ஏஜென்ட்டு. ரிசல்ட் நின்னுபோச்சு."

"போதும் சார்" என்றார் மேரி மேடம்.

"இன்னும் எட்டு இருக்கும்மா" என்றார் மாமா. எட்டையும் படித்துவிட்டுத்தான் நிறுத்தினார். எட்டிலும் அதிகம் எடுத்தது ஏஜென்ட்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கு இந்த வேல தெரியாது. ஆனா அத நிறுத்திப் பாக்கலாமேம்மா" என்றார்.

ஒரு மெஷினில் எத்தனை ஏஜென்ட் போட்டிருக்கிறாய் என்று மேரி மேடம் கேட்டார். பதினெட்டு என்றேன். அவர் சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினெட்டையும் எடுத்துவிட்டு வாசலில் ஒன்றை மட்டும் நிறுத்தினார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து போனிலேயே அவருக்கு வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெமரி செலவு மளமளவென்று இறங்கி நாற்பது சதவீதத்தில் நின்றது. தங்கிப்போன ரிசல்ட்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. உள்ளே மண்டபத்தில் வனிதாவின் போன் மணியடித்தது. சுகர் இல்லை. அவள் மாமியார் வாய் நிறைய சிரித்துக்கொண்டு எனக்கும் ஒரு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்த மகராசன் நான்தான் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். பதினோரு வரிகள், கோணாத கையெழுத்து. இடையிடையே 'பாப்பா பால்', 'பாப்பா இட்லி ஒன்றரை' என்றும் நேரத்தோடு இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆறு மாதமாக நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்ததும், யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்ததும் சும்மா நடந்ததல்ல. பாப்பா அழுத நேரமெல்லாம் இந்த மனிதர் அமைதியாகப் பொறுப்பேற்றுக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒருநாளும் அவரிடம் நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன், அழுதுகொண்டே. அவர் சங்கடப்பட்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை மேரி மேடம் கூப்பிட்டார். நடந்தது பற்றி அறிக்கை எழுதச் சொன்னார். என் தப்புகளை எதையும் மறைக்காமல் எழுதினேன், நான்கு பக்கம் வந்தது. காலண்டர் தாளின் படத்தையும் இணைத்தேன். எங்கள் கம்பெனி வரலாற்றில் 'பாப்பா இட்லி ஒன்றரை' என்று இருக்கும் ஒரே அறிக்கை அதுதான். தப்பை ஒளிக்காத ஆள் வேண்டும் என்று சொல்லி அவர் நிரந்தர லெட்டரை அனுப்பினார். அந்த நன்றியும் எனக்கு ஆயுசுக்கும் உண்டு. கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து படி என்று லெட்டருக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

எங்கள் வீட்டில் 'ஒன்னு அமுக்கிட்டேன்' என்றால் இப்போது ஒரு அர்த்தம் உண்டு. காதில் விழுந்தது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்று பொருள். குப்பையை வெளியே வையுங்கள் என்றால் என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொல்வார், "ஒன்னு அமுக்கிட்டேன்." வனிதா வீட்டுக்கும் எப்படியோ கதை போய்விட்டது. அவள் மாமியார் என்னைப் பார்த்தால் "வாம்மா மகராசி" என்கிறார், கூடவே லட்டும் தருகிறார்.

அலாரத்தில் முதல் நம்பராக என்னுடையதைப் போட்டுவிட்டேன். மாமாவின் நம்பரை எடுத்துவிடலாமா என்று மேரி மேடத்திடம் கேட்டதற்கு, இரண்டாவதாக இருக்கட்டும் என்றுவிட்டார். மாமா மட்டும் ஒருநாள் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே கேட்டார், "அந்தப் பழைய உத்தரவு இன்னும் இருக்காம்மா, இல்ல ரத்தா?"

இருக்கிறது மாமா என்றேன். இன்றுவரை ரத்து செய்யவில்லை.