முந்நூறு பேர் கூடிய ஓடைக்கரை

குன்னத்துகால்
22-5-1954

அன்பு மிகுந்த ஆனந்தபாய் அக்காவுக்கு,

தங்கை சுகிர்தபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் வீட்டுக்காரர், நான், பிள்ளைகள் இரண்டு பேர், பசு உட்பட எல்லாரும் சுகம். தமிழ்ப் பக்கம், மலையாளப் பக்கம் என்று பிரிக்கப்போகும் எல்லை நம் முற்றத்தில் விழுமா, அடுக்களையில் விழுமா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதப் பயந்துதான் வைத்திருந்தேன்.

எல்லைக் கலவரம் அடங்கும்வரை பொன்னுதாஸை அங்கே வைத்துக்கொள்வதாகவும், வருகிற சனிக்கிழமை கூட்டிப்போக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அக்கா. ஏழு வயதாகியும் என் சேலைத் தலைப்பைப் பிடிக்காமல் அவன் உறங்குவதில்லை. அவன் பிடிக்காவிட்டால் எனக்கும் உறக்கம் வருவதில்லை. இங்கே ஒரு பயமும் இல்லை. போலீஸ்காரர் ஓடையில் விழுந்த விஷயம் வேறு யாரும் சொல்லி உங்கள் காதுக்கு வருமுன் நானே எழுதிவிடுகிறேன்.

ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று பனச்சமூடு சந்தையில் கொட்டடித்துச் சொன்னார்கள் அல்லவா, அன்றுமுதல் பொன்னுதாஸுக்கு அது பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினோராம் கற்பனை. வீட்டில் நாங்கள் நான்கு பேர். உபதேசியார் ஜெபிக்க வந்தால் அவர் ஐந்தாவது ஆளாம், முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாக ஜெபிக்கிறார். நீங்கள் வந்தாலும் அதே கதிதான். பக்கத்து வீட்டுச் சரோஜம் இதைப் பார்த்துவிட்டு, "அடைச்சுப் போட்டா பிள்ளையளுக்குப் பிராந்து பிடிக்கும், சுகிர்தம். ஓடைக்காட்டுக்குப் போலாம் வா, அங்க வண்ணத்துப்பூச்சி நெறைய உண்டு" என்றாள். நானும் காலேஜில் விலங்கியல் படித்தவள் என்ற கர்வத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு குடை, தண்ணீர், முள் எடுக்க ஊக்கு, பாம்பை விரட்டக் கம்பு எல்லாம் எடுத்துக்கொண்டேன். நான், பொன்னுதாஸ், சின்னவள் செல்லபாய், சரோஜம். பொன்னுதாஸ் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, நாலேதான் என்று உறுதியான பிறகே படலையைத் திறந்தான்.

காட்டுக்குள் வெயில் அங்கங்கே காசு காசாக விழுந்து கிடந்தது. கறுப்பில் நீலப் பொட்டு வைத்தது ஒன்று எங்கள் முன்னால் வழிகாட்டிபோல் போயிற்று. நான் பேர் யோசித்து நோட்டைத் திறக்குமுன் ஒவ்வொன்றும் பறந்துவிடும். செல்லபாயோ எல்லாவற்றையும் "கோழி, கோழி" என்று பேரிட்டு முடித்துவிட்டாள். ஓடை திரும்பும் இடத்தில் ஈரமணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள், சிறகை மடக்கி, நெருக்கியடித்து உட்கார்ந்து நீர் குடித்துக்கொண்டிருந்தன. நான் மூச்சு விடவில்லை. பொன்னுதாஸ் எண்ண ஆரம்பித்தான். ஐந்தைத் தாண்டியதும் அவனால் பொறுக்க முடியவில்லை. சந்தையில் போலீஸ் மலையாளத்தில் போட்ட சத்தத்தை அப்படியே தொண்டை கிழியப் போட்டான்: "கூட்டம் கூடருது! எல்லாவரும் பிரிஞ்ஞு போ!"

பூச்சிகள் எழும்பின. கூடவே அப்பால் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்த மோகனன் என்கிற போலீஸ்காரரும் எழும்பினார். பெரிய அதிகாரி வந்து கூட்டத்தைக் கலைக்கிறார் என்று நினைத்து லத்தியோடு ஓடிவந்து, பாசியில் வழுக்கி, ஓடையில் உட்கார்ந்துவிட்டார்.

"எவிடே கூட்டம்?"

"தா, அங்க சார். முந்நூறு பேரு உண்டு" என்று மேலே காட்டினான் என் மகன்.

"நாங்க நாலே பேருதான் சார், கர்த்தர் சாட்சி" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வியர்வையில் ஊறிய அவர் காக்கிச் சட்டையில் மஞ்சள் பூச்சிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. லத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "மோனே, அனங்ஙல்லே. ஞான் ஒந்நு நோக்கட்டே" என்று, அசையாமல் இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் எனக் கெஞ்சினார்.

சரோஜத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "நல்லா பாருங்க ஏட்டே. நாங்க நாலு, உங்களையும் சேத்தா அஞ்சாக்கும். இப்ப ஆரு ஆரப் பிடிக்கணும்?"

அவர் யோசித்தார். பிறகு மெல்ல எழுந்து, பூச்சிகள் பறந்துவிடாதபடி பின்புறமாகவே மூன்றடி நகர்ந்து, தனியாக நின்று பார்த்தார். கடைசிப் பூச்சியும் போன பிறகு செல்லபாயைக் காட்டி, "ஆலப்புழையில் எனிக்கும் உண்டு, இதுபோல ஒரு மோள். கண்டிட்டு நாலு மாசமாயி" என்றார்.

வீட்டுக்கு வந்து பொன்னுதாஸை அடிக்கத்தான் கம்பை எடுத்தேன். நாலு மாசம் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றதால் அடிக்கவில்லை. ஆகையால் அக்கா, சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். நானே சமாளித்துக்கொள்வேன். அத்தானுக்கு எங்கள் வணக்கம். உங்கள் போக்கும் வரத்தும் ஆசீர்வதிக்கப்படுவதாக.

அன்புத் தங்கை,
சுகிர்தபாய்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் மருத்துவச்சி ராஜபாய் வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் மாதம் என்று சொல்லிப் போகிறாள். கர்த்தரைச் சாட்சி வைத்து நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அன்றைக்கே நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுங்கள் அக்கா, அவனைக் கூட்டிப்போக அல்ல, என் பக்கத்தில் இருக்க. உங்களோடு ஆறு ஆகும். பொன்னுதாஸிடம் நான் பேசிக்கொள்கிறேன்.