இடிக்கல் கொடுத்த லிஃப்ட்

அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி. லிஃப்ட் ஒன்றுதான். ஒரு மாதமாக அதில் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்த மாடியிலும் வேலை இல்லை.

வேலை லிஃப்டுக்குள்ளேயே இருந்தது.

வரிசை வாசலைத் தாண்டி, நடைபாதையில் திரும்பி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் முடிந்தது. வங்கிக்காரர்கள், நர்சுகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஐந்தாம் மாடிக்குப் பல் பிடுங்க வந்து பல்வலியையே மறந்துவிட்ட ஒருவர். எல்லார் கையிலும் போன். எல்லார் போனிலும் பூதச்சண்டை.

தெரியாதவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்காக: பூதச்சண்டை ஒரு வீடியோ கேம். முட்டையிலிருந்து பூதம் பொரிக்கும். தீனி போட்டு வளர்க்க வேண்டும். அடுத்தவர் பூதத்தோடு மோதவிட வேண்டும். ஜெயித்தால் ஒரு பெட்டி. திறந்தால் பெரும்பாலும் சாம்பல், கஷாயம், ஒற்றைச் செருப்பு. எப்போதாவது, அபூர்வமாக ஒரு பெட்டியில், இடிக்கல். அதைப் பூதத்தின் தலையில் வைத்தால் பூதம் இரண்டு மடங்காகி வாயால் இடி இடிக்கும்.

அந்த இடிக்கல்லைத்தான் லிஃப்ட்காரர் கொடுத்துக்கொண்டிருந்தார். போன மாதம்வரை வெறும் லிஃப்ட்காரர். இப்போது லிஃப்ட் சாமி. காக்கிச் சட்டை அதேதான். முக்காலி அதேதான். முக்காலிமேல் மெத்தை மட்டும் புதிது.

வழிபாடு எளிது. இடிக்கல் வராமல் இதுவரை எத்தனை பெட்டி ஏமாற்றின என்று லிஃப்ட் வாசலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் பாரம். சாமி கண்ணை மூடுவார். "பாரம் பத்தல" என்றால் திரும்பிப் போய் இன்னும் பெட்டி திறந்து ஏமாந்துவிட்டு வர வேண்டும். "பழுத்துருச்சு" என்றால் காணிக்கை. சாமி காசு தொடமாட்டார். இருப்பதிலேயே நல்ல பூதத்தை அவர் பெயருக்கு மாற்றினால் போதும். பிறகு லிஃப்ட் ஏறும். அவர் சொல்கிற மாடிகளில் நிற்கும். நிற்கிற மாடிக்கு ஒரு பெட்டி திறக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து மாடி, இன்னொருவருக்குப் பத்து. அவரவர் கிரகம் என்றார்கள். கடைசி மாடியில் இடிக்கல் வரும்.

வந்தது. அதுதான் வேடிக்கை. ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தது.

ஏழாம் மாடியில் எடை, அளவு முத்திரை அலுவலகம். அதன் ஆய்வாளரைக் கட்டடத்தில் எல்லாரும் தராசம்மா என்பார்கள். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவள் வேலை. அதற்கான எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். பெட்டி இருபது கிலோ. ஒரு மாதமாக அந்த இருபது கிலோ அவளோடு படியேறிக்கொண்டிருந்தது.

"ஏழாவது மாடிங்க. ஆபீஸ் வேலை. கொஞ்சம் வழி விடுங்க" என்று முதல் நாள் கேட்டாள்.

"நாங்க மட்டும் பொழுதுபோகாமலா நிக்கறோம்?" என்றார் தலைமையாசிரியர். "வரிசையில வாம்மா. உன் பாரம் எவ்வளவு?"

"இருபது கிலோ."

யாரும் சிரிக்கவில்லை. பக்தியில் முதலில் போவது அதுதான்.

படியேறும்போது மூன்றாம் மாடித் திருப்பத்திலும் ஆறாம் மாடித் திருப்பத்திலும் பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்குவாள். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் நிற்கிற போதெல்லாம் மணி அடிக்கும். டிங். கொஞ்சம் பொறுத்து, டிங். வேறு வேலை இல்லாததால் எண்ணினாள்.

கீழே ஒரு நர்ஸ் தொண்ணூற்று மூன்று என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. ஏழு டிங். அடுத்த நாள் ஒரு வங்கிக்காரர் தொண்ணூற்றைந்து என்றார். ஐந்து டிங். தொண்ணூறு என்றவருக்குப் பத்து. எண்பத்தேழு என்றவரைச் சாமி பாரம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தராசம்மா படியிலேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். ஒரு தட்டில் பெட்டி, இன்னொரு தட்டில் மாடி. எப்படிக் கூட்டினாலும் நூறு. கட்டடத்துக்கு மாடி பன்னிரண்டு. நூறில் பன்னிரண்டு போனால் எண்பத்தெட்டு. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அருள் செய்யச் சாமியிடம் மாடி இல்லை.

கிரகமாவது மண்ணாவது. கழித்தல் கணக்கு.

இதோடு விட்டிருப்பாள். ஆனால் அன்று மத்தியானம் கணவன் ஒரு செய்தி சொன்னான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவன்.

"வெள்ளிக்கிழமை நானும் சாமிகிட்ட போறேன்" என்றான், ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே. "தொண்ணூத்தாறு ஆயிருச்சு. பழுத்துருச்சு."

"காணிக்கை?"

லென்ஸை இன்னும் அழுத்தித் துடைத்தான். "தடியனைத்தான்."



மூன்று வருடம் முன்பு கணவன் கால் ஒடிந்து இரண்டு மாதம் படுத்திருந்தான். அப்போது பொரித்த பூதம் தடியன். தொந்தி, ஒரு கண், காது கிடையாது. மதியத்தில் கணவன் தூங்கும்போது தீனிப் பட்டனை அமுக்கியது அவள்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. அரசாங்க ஆய்வாளர் ஒரு பூதத்துக்குப் பருப்பூட்டினாள் என்று தெரிந்தால் நாளைக்கு எந்தக் கடைக்காரன் மதிப்பான்? தடியனுக்கு அவள் கை தெரியும். அவள் விரல் பட்டால் மட்டும் ஏப்பம் விடுவான். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பியும் போன வாரம் இப்படித்தான் தூக்கிக் குடுத்தான்" என்றாள். "ஞாபகம் இருக்கா?"

"கல்லு வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. அவனோட நல்ல பூதம் போயிருச்சு. மிச்சம் இருக்கறது ஒரு நத்தை. அது தலையில கல்லை வெச்சா நசுங்கிடும்னு கம்பெனியே எச்சரிக்கை குடுக்குது. கல்லு கிடைச்சுது, வைக்கத் தலை இல்ல. தடியனைக் குடுத்துட்டு நீங்க யாரு தலையில வைப்பீங்க?"

"அதெல்லாம் சாமி பாத்துக்குவாரு."

அவள் மணிக்கணக்கைச் சொன்னாள். கூட்டினால் நூறு வருவதைச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டான்.

"பாத்தியா" என்றான். "எவ்வளவு துல்லியமா அருள் பண்றாரு."

தராசம்மா கண்ணை மூடித் திறந்தாள். இருபது வருடத்தில் எத்தனையோ கோணல் தராசுகளைப் பார்த்தவள் அவள். தராசோடு வாதாடக் கூடாது. தெரிந்த கல்லை வைத்துத் தராசு என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

"சரி, போங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. தொண்ணூத்தாறுன்னு சொல்லாதீங்க. பன்னெண்டுன்னு சொல்லுங்க."

"சாமிகிட்ட பொய்யா?"

"எல்லாம் தெரிஞ்சவருதானே? 'ஏன்டா பொய் சொல்றே'ன்னு கேப்பாரு. கேட்டா தடியனை அங்கயே குடுத்துடலாம். பட்டனை நானே அமுக்கறேன்."

அவன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. அதுவே அவனைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

தராசம்மா அன்றே தன் போனிலும் பூதச்சண்டையை இறக்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குட்டிப் பூதம், பதினைந்து பெட்டி. மூன்றைத் திறந்தாள். மூன்றும் செருப்பு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒரு கல் வாங்கியவர்களும் அடுத்த கல்லுக்கு வந்து நின்றதில் வரிசை சைக்கிள்களையும் தாண்டிவிட்டது. முதலில் தராசம்மா, எடைக்கல் பெட்டியோடு. பின்னால் கணவன், வியர்த்துக்கொண்டு.

"பாரம்?" என்றார் சாமி.

"தொண்ணூத்தாறு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள், மூன்றே பெட்டி திறந்தவள்.

சாமி கண்ணை மூடினார். புருவம் நெளிந்தது. உள்ளே ஏதோ ஓடியது. என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியும். "பழுத்துருச்சு. நாலு மாடி. காணிக்கை?"

குட்டிப் பூதத்தை நீட்டினாள்.

"இது என்னம்மா, கைக்குழந்தை?"

"என்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதுதான் சாமி. இருக்கறதே இதுதான்."

சாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார். சாட்சிக்குத் தலைமையாசிரியரும் ஏறிக்கொண்டார். எடைக்கல் பெட்டிக்கு உள்ளே இடமில்லை; அது கணவன் காலடியில் கிடந்தது. கதவு மூடியது. முதல் மாடி, டிங், சாம்பல். இரண்டு, டிங், கஷாயம். மூன்று, டிங், செருப்பு. நான்காம் மாடியில் சாமி கையைத் தூக்கினார். தலைமையாசிரியர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

செருப்பு.

"இன்னொரு செருப்பு, சார்" என்றாள் தராசம்மா. "முதல்ல வந்ததும் இடதுகால், இதுவும் இடதுகால்."

சாமியின் முகத்தில் முதன்முதலாக லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான். "உனக்குள்ள சந்தேகம் இருக்கு" என்றார். "அதான் கல்லு வரல."

"இருக்கு சாமி. மறைக்கல."

கீழே கதவு திறந்ததும் தலைமையாசிரியர் வரிசைக்கு அறிவித்தார்: "இந்தம்மாவுக்குச் சந்தேகம். அதனால செருப்பு." வரிசை அவளைத் தொற்றுநோய்க்காரியைப் போலப் பார்த்து இரண்டடி விலகியது. கணவன் மட்டும் முன்னே வந்தான்.

"பாரம்?"

"பன்னெண்டு."

சாமி கண்ணை மூடினார்.

கணவன் காத்திருந்தான். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முகத்தைப் பார்ப்பதுபோல அந்த மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிடு, பொய்யென்று கேட்டுவிடு என்று அவன் மனசு கெஞ்சியது தராசம்மாவுக்குத் தெரிந்தது.

"பாரம் பத்தல. போ."

"நல்லாப் பாருங்க சாமி."

"பாத்தாச்சுப்பா. அடுத்தவங்க."

கணவனின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது. லிஃப்ட் இல்லாமலே.

"இங்கயே திறங்க" என்றாள் தராசம்மா. "இந்த வாசல்லயே நில்லுங்க. நாலே பெட்டி."

முதல் பெட்டி. சாம்பல். இரண்டாவது. சாம்பல். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது. கஷாயம். நான்காவதைத் தொட்டபோது அவன் விரல் வியர்வையில் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி தொட்டான்.

போன் இடித்தது. கீழ்த்தளம் முழுக்க எதிரொலித்தது. இடிக்கல்.

காணிக்கை இல்லை. மாடி இல்லை. லிஃப்ட் அசையவே இல்லை. சாமி சொன்னது "பாரம் பத்தல, போ" என்றுதான்.

"எனக்குச் சந்தேகம், அதனால வரல. சரி" என்றாள் தராசம்மா. "இவரு உங்ககிட்ட பொய் சொன்னாரு. பன்னெண்டு இல்ல, தொண்ணூத்தாறு. நான் சொன்ன தொண்ணூத்தாறும் பொய். நான் திறந்தது மூணு. ரெண்டு பொய்யும் உங்களுக்குத் தெரியல. பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் ஒரு கூட்டல் போடுங்க. உங்க பாரத்தோட நின்ன மாடியைக் கூட்டுங்க."

வரிசையில் முணுமுணுப்பு. விரல்கள் மடங்கின.

"தொண்ணூத்தி மூணும் ஏழும்" என்றாள் நர்ஸ். "நூறு."

"எண்பத்தெட்டும் பன்னெண்டும். நூறு" என்றார் பல்வலிக்காரர். சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வலி திரும்பிவிட்டது.

தலைமையாசிரியர் நாற்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவரும் விரலை மடக்கினார். காது சிவந்தது.

அந்த நேரத்தில் லிஃப்ட் கதவு மூடியது. சாமி மேலே கிளம்பிவிட்டார். கூட்டம் படியில் பாய்ந்தது. கூட்டம் ஐந்தாம் மாடிக்குப் போனபோது சாமி பன்னிரண்டில் இருந்தார். கூட்டம் ஒன்பதுக்குப் போனபோது சாமி கீழே வந்துகொண்டிருந்தார். கூட்டம் மூச்சிரைக்கத் திரும்பியது. ஒரு மாதமாகத் தான் மட்டும் ஏறிய படியில் ஊரே ஏறி இறங்குவதைத் தராசம்மா ரசித்துப் பார்த்தாள். பிறகு, கதவு திறந்ததும், எடைக்கல் பெட்டியை வாசற்படியில் வைத்தாள். இருபது கிலோ. கதவு வந்து இடித்துத் திரும்பிப் போனது.

"உட்காருங்க" என்றாள். "அவசரமில்ல. ஒவ்வொரு பூதமா அவங்கவங்களுக்கு மாத்திக் குடுங்க."

லிஃப்ட்காரர் மெத்தையில் உட்கார்ந்தார். நூற்று நாற்பத்து மூன்று பூதங்கள். மாற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. குட்டிப் பூதத்தை முதலில் கொடுத்தார்.

"நான் யாரையும் வாங்கன்னு கூப்பிடல" என்றார் நடுவில். குரலில் வருத்தம் இல்லை. "கேம்ல விதின்னு நாப்பத்தொரு பக்கம் இருக்கு. முப்பத்தெட்டாவது பக்கத்துல போட்டிருக்கான், தொண்ணூத்தொன்பது பெட்டியில வரலைன்னா நூறாவதுல கண்டிப்பா வரும்னு. எல்லாரும் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்'னு அமுக்கிட்டீங்க. நான் ஒருத்தன்தான் படிச்சேன். முக்காலியில உக்காந்து வேற என்ன செய்யறது?"

கணவன் கடைக்குப் போய்ப் பெரிய லென்ஸ் ஒன்றை எடுத்து வந்தான். தலைமையாசிரியர் அதைப் போன்மேல் பிடித்து முப்பத்தெட்டாம் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். இரண்டு தரம் படித்தார். ஒரு மாதமாக அருள் என்று எல்லாரும் கும்பிட்டது அங்கே எறும்பெழுத்தில் இருந்தது.

தடியன் தலையில் கல் ஏறியது. தொந்தி இரண்டு தொந்தியானது. வாயைத் திறந்தான். இடி வரும் என்று கணவன் போனைத் தள்ளிப் பிடித்தான். தராசம்மா ஒரு விரலால் திரையைத் தொட்டாள். ஏப்பம் வந்தது.

கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "என்கிட்ட ஒரு நாளும் இப்படி விட்டதில்லையே."

"எனக்கென்ன தெரியும்" என்றாள் ஆய்வாளர்.

கூட்டம் கலையவில்லை. பூதங்கள் திரும்பக் கிடைத்துவிட்டன, ஆனாலும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக லிஃப்டிலிருந்து திரும்பி, தராசம்மாவின் பக்கமாக வளைந்தது. நர்ஸ் முன்னால் வந்தாள். போனை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

"அம்மா, நீங்க நின்ன இடத்துலதானே இடிக்கல் வந்துச்சு. என் போனையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்கம்மா."

அவளுக்குப் பின்னால் தலைமையாசிரியர். வரிசையில் இரண்டாவது ஆள்.

தராசம்மா பெட்டியைத் தூக்கி லிஃப்டுக்குள் வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அதற்கு இடம் இருந்தது.

"ஏழாவது மாடி" என்றாள் லிஃப்ட்காரரிடம். பிறகு வரிசையைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா பன்னெண்டு மாடி ஏறி இறங்கினீங்க. உங்க ஒவ்வொருத்தருக்கும் கழுத்துக்கு மேல இன்னொரு மாடி இருக்கு. அங்க கூட்டமே இல்ல, காலியாத்தான் கிடக்கு. ஒரு தடவை அதுலயும் ஏறிப் பாருங்க."

கதவு மூடியது.