ஒத்திகை அண்ணையின் கூடாரம்

மனிதரைப் படுத்தும் கலையில் ஒத்திகை அண்ணையை மிஞ்ச எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. மார்க்கம் நகரத்தில் நான் வேலை செய்த கம்பனியில் அவர் சிப்பிங் பகுதியில் இருந்தார். எங்கள் தெருவிலேயே ஆறு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஆகவே வேலையிலும் தப்ப முடியாது, வீட்டிலும் தப்ப முடியாது. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எதையும் முதல் தடவையிலேயே செய்துவிடுவது அவருக்குப் பெரும் பாவம். குடியுரிமை எடுப்பதற்கு முதல் நாள், வரவேற்பறையில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சத்தியப்பிரமாணம் செய்து பார்த்தார். பல்லுப் பிடுங்கப் போகுமுன் சமையலறைக் கதிரையில் அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார். ஒரு செத்தவீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் என்னிடமே மூன்று தரம் துக்கம் விசாரித்தார். மூன்றாவது தரம் எனக்கே அழுகை வந்துவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அபி. கிழமை நாட்களில் கம்பியூட்டர் வேலை, சனி ஞாயிறில் பிளேன் ஓட்டுவாள். அமெரிக்காவில் கோடையில் நடக்கும் ஒரு பெரிய விமானக் கண்காட்சிக்குச் சின்ன பிளேன் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்கப் போவதாக ஒருநாள் வந்து சொன்னாள். பார்க்க வருகிறவர்கள் ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கலாம்.

"ஜஸ்ட் வாங்கோ அப்பா, ஓகே? நான் லாண்ட் பண்ணுறதை நீங்கள் பாக்கோணும். தட்ஸ் ஆல் ஐ வோண்ட்."

இரண்டு வருடமாக அவள் ஓட்டுகிறாள். அண்ணை ஒருநாளும் பார்க்கப் போனதில்லை. ஒருமுறை முழங்கால் நோ, ஒருமுறை ஓவர்டைம், ஒருமுறை மழை. அவளும் கேட்டுக் கேட்டுக் களைத்து, கேட்பதையே விட்டிருந்தாள். இந்த முறையும் போகாவிட்டால் இனி வாயே திறக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். "வாறன் பிள்ளை" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு வந்து என் கதவைத் தட்டினார், ஏனென்றால் என்னிடம் வான் வண்டி இருந்தது. அவர் குடும்பத்தில் கூடாரத்தில் படுத்தவர் யாருமில்லை, என் குடும்பத்திலும் இல்லை.

"தம்பி, ஒரேயொரு சின்ன ஒத்திகை பாப்பம்."

அந்தச் சின்ன ஒத்திகை என்னுடைய ஒன்பது சனிக்கிழமைகளை விழுங்கியது.

முதல் சனிக்கிழமை அவர் வீட்டுப் பின்வளவில் கூடாரம் அடித்தோம். நாலு மணி நேரம் பிடித்தது. அப்பாடா என்று உள்ளே போய்ப் படுத்தேன். வெளியே திடீரென்று மழை. எட்டிப் பார்த்தால் வானம் வெளித்திருக்கிறது, அண்ணை பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் கூடாரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை! உள்ளுக்கை தண்ணி வருது!"

"எந்த மூலையால எண்டு வடிவாச் சொல்லும், குறிக்கோணும்."

கண்காட்சியில் கழிப்பறைக்கு நீண்ட வரிசை இருக்குமாம். அடுத்த வாரம் அவர் வீட்டு பேஸ்மென்ற் கழிப்பறை வாசலில் இருபது நிமிடம் வரிசையில் நின்றோம். வரிசை என்றால் அவரும் நானும்தான். உள்ளே யாருமே இல்லை. எனக்கு உண்மையாகவே வந்துவிட்டது. "பொறும், இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு" என்று கையை விரித்து மறித்தார்.

பிறகு எல்லை தாண்டும் ஒத்திகை. சாப்பாட்டு மேசை அமெரிக்க எல்லைச் சாவடி, நான் அதிகாரி. அண்ணை இரண்டு நாள் தங்குவதற்குப் புட்டுப்பானை, இடியப்ப உரல், மிளகாய்த்தூள் மூன்று போத்தல், நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். இறைச்சி கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ரோல்ஸைப் பறிமுதல் செய்து நாலைச் சாப்பிட்டேன். அந்த ஒத்திகை மட்டும்தான் எனக்குப் பிரயோசனமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஏலாது எண்டு சொல்ல வாயில்லையோ?" என்று மனைவி கேட்டாள். ஏழாவது சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் போனேன். அண்ணை கட்டம் போட்ட தாளில் வரைபடம் கீறி வைத்திருந்தார். கூடாரம், அடுப்பு, கதிரை, என் வான், எல்லாம் அளவோடு. கூடாரத்துக்குப் பக்கத்தில் 'ட' வடிவத்தில் இன்னொன்றும் கீறியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் வளர்ந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. குண்டு போடும் பொம்பர் வந்தால் ஓடிப்போய் விழுவதற்கு வளவுக்குள் வெட்டும் பங்கர்.

"அண்ணை, பிளேன் பாக்கப் போற இடத்தில பங்கர் எதுக்கு?"

குனிந்து பார்த்தார். "நான் கீறினனானோ?" என்றார். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்தார். "கை தன்பாட்டில கீறிப்போட்டுது, தம்பி."

வரைபடத்தை நாலாக மடித்தார்.

"முழங்காலும் இல்லை, மழையும் இல்லை. கிட்டத்தில பிளேன் சத்தம் கேட்டா நான் விழுந்திடுவன். அவள் இறங்கேக்கை நான் குப்புறக் கிடந்தா பிள்ளை என்ன நினைக்கும்?"

எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் பொய். ஆத்திரம்தான் வந்தது. இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் நான் ஏன் நனைகிறேன், ஏன் அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன்? வேண்டியது ஒரே ஒரு ஒத்திகை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்திருக்கிறார் மனிதர்.

எட்டாவது, ஒன்பதாவது சனிக்கிழமைகளில் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்து ஜெட் சத்தத்தைப் போட்டேன். அவர் பின்வளவில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வந்ததும் கதிரை நின்றது, அண்ணை புல்லில் கிடந்தார். காதுக்குள் விரல், வாய் திறந்தபடி. எழும்புவார், "திரும்பப் போடும்" என்பார், விழுவார். பதினேழாவது தரம் விழவில்லை. கதிரையின் கைபிடிதான் உடைந்தது.

அண்ணையும் நானும் ஒருநாள் முழுக்க வானை ஓட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரத்தைப் பத்து நிமிடத்தில் அடித்தார். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அபி இறங்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தபோது இரண்டு போர் விமானங்கள் தலைக்கு மேலால் போயின. ஸ்பீக்கரில் வரும் சத்தம் வேறு. இது மண்ணுக்குள்ளால் வந்து காலில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன், அண்ணையைக் காணோம். காலடியில் புல்லில் குப்புறக் கிடந்தார்.

"எழும்புங்கோ அண்ணை, அபி வரப்போறாள்!"

"ஏலாது தம்பி. கால் கேக்குதில்லை. நீர் பாத்துச் சொல்லும்."

ஒன்பது சனிக்கிழமைகள்! நான் பார்த்துச் சொல்வதற்கா? எனக்கு வந்த கோபத்தில் நானும் பக்கத்தில் படுத்து அவர் தோளைப் பிடித்துப் புரட்டினேன். "விழுந்தா விழுந்ததுதான். முகத்தை மேலை வைச்சுப் படுங்கோ!"

மல்லாந்தார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. வெள்ளை நிறச் சின்ன பிளேன் ஒன்று மரங்களுக்கு மேலே வந்தது. புல்லு வெட்டும் மெசின் போல ஒரு சத்தம்.

"வருது அண்ணை. அபி சொன்ன மாதிரி சிறகில நீலக் கோடு. அவள்தான்."

ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார். பிளேன் எங்கள் மேலால் தாழ்ந்து போய், புழுதி கிளப்பாமல் ஓடுபாதையைத் தொட்டது.

"உது என்ர பிள்ளை!" என்று படுத்தபடியே ஊர் கேட்கக் கத்தினார். "உதை ஓட்டுறது என்ர பிள்ளை!"

அபி ஓடிவந்தபோதும் நாங்கள் இருவரும் புல்லில்தான் கிடந்தோம். "வட் ஹப்பின்ட்? அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தனான். வடிவாப் பாத்தனான். ரெண்டு சில்லும் ஒண்டாத் தொட்டது."

அவள் தகப்பனின் மறுபக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு வந்த பிளேன்களை மூவரும் அப்படியே பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் அண்ணையின் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. கண்ணை மட்டும் அவர் மூடவில்லை.

அடுத்த வருடமும் வருவோமா என்று முதலில் கேட்டவன் நான்தான்.