ஒரு சொட்டுக்கூடக் கசியாத வண்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், அதனால்தான் கடிதம்.

நான் கொடுத்த மோட்டார் சைக்கிளில் ஆயில் கசிகிறதாம், ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பிரிக்கப் போகிறீர்களாம். பதினெட்டு வருடம் ஓட்டினேன். அது நின்ற இடத்தில் ஒரு சொட்டு பார்த்தவர் உண்டா? உங்களிடம் வந்து இரண்டே மாதத்தில் கசிகிறதென்றால் கோளாறு வண்டியிலா, வைத்திருக்கிறவரிடமா? ஆத்திரத்தோடு என் மெக்கானிக்கிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், சொட்டினாத்தான் ரிப்பேர். எஞ்சின் மூடி இடுக்குல வைக்கிற பேக்கிங் ஓரத்துல லேசா ஈரம் பூத்து தூசி ஒட்டினா, அது வயசு. ஆயில் அளவு குறையலன்னா எஞ்சினைத் தொடாதீங்க" என்றார். என் வண்டிக்கு வயதா என்று அவரோடும் ஒரு மூச்சு சண்டை போட்டேன்.

சந்தேகம் இருந்தால் எஞ்சினைத் துடைத்து, முகப் பவுடர் தூவி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் ஈரம் தெரியும் என்றார். என்னிடம் ஏது வண்டி? பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே மாடல் இருக்கிறது. காலையிலேயே போய் உட்கார்ந்து தூவினேன். ஆபீசுக்குக் கிளம்பி வந்த மனிதர், "என் வண்டிக்கு ஏன் சார் பவுடர் போடுறீங்க?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல எழுந்தபோது டப்பா சரிந்து அவருடைய கறுப்புப் பேன்ட் வெள்ளையானது. சாயங்காலம் பார்த்தால் அவர் வண்டியிலும் ஈரக்கோடு! ஊரார் வண்டியெல்லாம் கசியும், என்னுடையது கசியாது என்று இதிலிருந்தே தெரியவில்லையா? அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. போகட்டும். எஞ்சினில் ஸ்பேனர் வைத்தீர்களோ, நான் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். "வாரா வாரம் வண்டிக்கடியில அட்டையை மாத்தினது யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள். ஸ்டாண்ட் தரையைக் கீறாமலிருக்கப் போட்ட அட்டை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். முதல் வருடத்திலிருந்தே கசிவாம். நான் மனசு உடைந்துபோவேன் என்று சொல்லவில்லையாம். ஆகவே மேலே கண்டவற்றில் மெக்கானிக் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவு குறையாதவரை எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். அத்தை ஒரு கட்டு அட்டை அனுப்புகிறாள். அதை நீங்களேதான் மாற்ற வேண்டுமாம், மகள் மாற்றக் கூடாதாம்.