கொசுறு அக்காவின் ஆன்லைன் கடை

ஆன்லைன் வியாபாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் மட்டும் ஜவ்வாது மலைக்கு வந்து கொசுறு அக்காவிடம் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால், தொழிலை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள். நான் மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். காரணம், சம்பளம் மூன்றாம் நாள்தான்.

புதூர்நாட்டில் ‘ஆன்லைன் வியாபாரம், ஆரம்பப் பாடம்’ என்று ஒரு பயிற்சி வகுப்பு. வாத்தியார் நான். ஆன்லைனில் அதுவரை நான் விற்க முயன்றது ஒரு பழைய சைக்கிள். அது இன்னும் கண்ணமங்கலத்தில் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

வகுப்புக்கு வந்த அக்கா சாமை விற்பவர். அளந்து போட்டபின் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். அந்நியருக்கு ஒரு பிடி, உறவுக்காரருக்கு இரண்டு. பெயர் வந்தது அப்படித்தான். அந்த வருஷம் கீழேயிருந்து வந்த வியாபாரி அடிமாட்டு விலை கேட்க, “உனுக்குக் கிடையாது, வண்டிய எட்துனு போ” என்று விரட்டிவிட்டார். வீட்டில் மூன்று மூட்டை சாமை. விற்காவிட்டால் அதே ஆள் முன்னால் போய் நிற்கவேண்டும்.

“பொருளை வெள்ளைப் பின்னணியில் போட்டோ எடுங்க” என்றேன். மறுநாள் காட்டினார். பின்னால் வீட்டுக்காரரின் வேட்டி. முன்னால் அக்கா, வாக்காளர் அட்டை முகத்தோடு.

“சாமை எங்கக்கா?”

“சாமை எல்லா வூட்லயும் ஒரே மாரிதான் சார் இருக்கும். விக்கறது யார்னு தெரிய வேணாமா?”

முதல் ஆர்டர் சென்னையிலிருந்து ஒரு பெண்மணி போட்டார், ஒரு கிலோ. அக்கா உடனே பலா மரத்தடிக்கு ஓடினார். சிக்னல் அங்கேதான். “இன்னாம்மா, வூட்ல எத்தினி பேரு? கல்லு அரிக்கத் தெரியுமா?” அரைமணி நேரம் பேச்சு. வகுப்பு மொத்தமும் எழுந்துபோய்ச் சுற்றி நின்றது. வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தினேன்.

மூன்றாம் நாள் கூரியர்காரர் பார்சலைத் தராசில் வைத்தார். “லேபிள்ல இருக்கறதவிட எடை ஜாஸ்தி. ஏத்த முடியாதுக்கா.” உள்ளே தனியாக ஒரு சின்னக் கவரில் கொசுறு! மாலைக்குள் போகாவிட்டால் ஆர்டர் ரத்து.

“அந்தக் கவரை எடுத்துடுங்கக்கா.”

“கொசுறு போடாத குடுத்தா அது வியாபாரமா சார்? திருட்டு.” கொஞ்சம் யோசித்தார். “கடையில முக்காக் கிலோன்னு மாத்து. முக்காவுக்கும் கூரியர்ல ஒரு கிலோ லேபிள்தான ஒட்றாங்க, அதுக்குள்ள பிடியும் அடங்கிடும்.”

“முக்கால் கிலோ எவன் வாங்குவான்? மூணே மாசத்துல கடைய மூடிடுவீங்க!” இது நிபுணர் கருத்து.

அக்கா மரத்தடிக்குப் போனார். “அத்த கேன்சல் பண்ட்டு முக்காக் கிலோவாப் போடும்மா. மேல ஒரு பிடி என் பொறுப்பு.” அரைமணி நேரத்தில் சிநேகிதியாகிவிட்ட சென்னைப் பெண்மணி உடனே போட்டார். பிறகு தன் அடுக்குமாடி முழுவதையும் போடவைத்தார்.

பொங்கலுக்குள் மூட்டை மூன்றும் காலி. வியாபாரியின் வண்டி மலையேறி வந்து, டீ குடித்துவிட்டு இறங்கிப்போனதாம்.

போன மாதம் வெட்கத்தோடு நானும் ஆர்டர் போட்டேன், வேறு பெயரில். போன் வந்தது. குரலைக் கனமாக்கிக்கொண்டு, “வீட்ல மூணு பேருங்க” என்றேன். அக்காவும் அந்நியரிடம் பேசுவதுபோலவே பேசி வைத்தார். ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன்.

பார்சல் வந்தது. கூரியர்காரரை எப்படி மடக்கினாரோ தெரியவில்லை. உள்ளே சின்னக் கவர் இரண்டு இருந்தன.